மார்த்தாண்டம் மேம்பாலத்தை அறியாத கார்: உள்ளமைந்த வரைபடத்தைப் புதுப்பிப்பது பற்றி

தக்கலையைச் சேர்ந்த அன்பர் ஒருவர், 2017-ஆம் ஆண்டுக் கார் ஒன்றை அண்மையில் இரண்டாவது உரிமையாளராக வாங்கியிருக்கிறார். தாயாரை மருத்துவப் பரிசோதனைக்காகத் திருவனந்தபுரத்துக்கு அழைத்துச் செல்லும்போதெல்லாம், மார்த்தாண்டம் மேம்பாலத்தின் மேல் கார் ஓடிக்கொண்டிருக்கையில், "சந்திப்பில் இடது பக்கம் திரும்பவும்" என்று காரின் திரை சொல்கிறதாம். வரைபடத்தை எப்படிப் புதுப்பிப்பது, சர்வீஸ் சென்டரில் கேட்கும் ஆறாயிரம் ரூபாயைக் கொடுக்கலாமா, அதே வகைக் கார் வைத்திருக்கும் மைத்துனரின் எஸ்.டி. கார்டை நகலெடுத்துப் போட்டால் போதாதா, திரையில் தேதி ஏறக்குறைய இருபது ஆண்டுகள் பின்னால் காட்டுகிறதே, அதுவும் இதனால் சரியாகுமா என்று கேட்டிருக்கிறார்.

எல்லாவற்றுக்கும் முன்னால் உங்கள் காரில் வரைபடம் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஏனெனில் புதுப்பிக்கும் முறை, செலவு, ஆபத்து ஆகிய மூன்றும் அதைப் பொறுத்தே மாறும். திரைக்குக் கீழேயோ, கையுறைப் பெட்டிக்குள்ளோ, முன்னிருக்கைகளுக்கு நடுவே உள்ள பெட்டிக்குள்ளோ ஒரு சிறிய துளையில் எஸ்.டி. கார்டு செருகப்பட்டிருந்தால், பெரும்பாலும் அந்தக் கார்டேதான் வரைபடம். அதை எடுத்துவிட்டால் நேவிகேஷன் வேலை செய்யாது. கார்டு எதுவும் இல்லாமல் நேவிகேஷன் ஓடினால், வரைபடம் கருவியின் உள்நினைவகத்தில் இருக்கிறது. அதைப் பென் டிரைவ் மூலமாகவோ, புதிய கார்களில் காரிலேயே உள்ள சிம் அல்லது வைஃபை மூலமாகவோ புதுப்பிப்பார்கள். மூன்றாவதாக ஒரு நிலையும் உண்டு. திரையில் தெரிவது செல்பேசியிலிருந்து ஆண்ட்ராய்டு ஆட்டோ அல்லது ஆப்பிள் கார்ப்ளே வழியாக வரும் வரைபடமாக இருக்கலாம். அப்படியானால் காரில் புதுப்பிக்க எதுவுமே இல்லை. பழைய கார் வாங்குகிறவர்கள் இந்த வேறுபாட்டை அறியாமல் சர்வீஸ் சென்டருக்கு அலைவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். செல்பேசியின் இணைப்பைக் கழற்றிவிட்டு நேவிகேஷன் பொத்தானை அழுத்திப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். உங்கள் திரை மேம்பாலத்தை அறியவில்லை என்பதிலிருந்தே, அது காருக்குள் இருக்கும் பழைய வரைபடம் என்று ஊகிக்கலாம்.

அடுத்ததாக, அமைப்புகள் பகுதியில் நேவிகேஷன் விவரப் பக்கத்தைத் திறந்து ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அங்கே மென்பொருளின் பதிப்பு எண்ணும் வரைபடத்தின் பதிப்பு எண்ணும் தனித்தனியாக இருக்கும். இரண்டையும் ஒன்றென்று எண்ணிவிட வேண்டாம். மென்பொருள் என்பது வழியைக் கணக்கிட்டுத் திரையில் வரைகிற நிரல். வரைபடம் என்பது அது படிக்கிற தரவு. புதிய வரைபடம் சில வேளைகளில் புதிய மென்பொருளை எதிர்பார்க்கும் என்பதால், முதலில் மென்பொருள், பிறகு வரைபடம் என்ற வரிசை மாறக்கூடாது. தரவு எந்த நிறுவனத்துடையது என்பதும் அந்தப் பக்கத்திலேயே காணப்படும். இந்தியாவில் விற்கப்படும் கார்களில் மேப்மைஇந்தியா, ஹியர், டாம்டாம் போன்ற பெயர்களைப் பார்க்கலாம். இந்தப் பெயர் ஏன் முக்கியம் என்றால், கூகுள் வரைபடத்தில் நீங்கள் ஒரு பிழையைச் சுட்டிக்காட்டி அது திருத்தப்பட்டுவிட்டாலும், காரின் வரைபடம் வேறு நிறுவனத்துடையதாக இருந்தால் அந்தத் திருத்தம் உங்களுக்கு வந்து சேராது.

பதிப்பு எண் புரியாத குறியீடாக இருந்தால், நம் கன்னியாகுமரி மாவட்டச் சாலைகளை வைத்தே வரைபடத்தின் வயதைக் கணித்துவிடலாம். தேசிய நெடுஞ்சாலைகளுக்கு 2010-இல் புதிய எண்கள் அறிவிக்கப்பட்டன. திருவனந்தபுரத்திலிருந்து களியக்காவிளை, மார்த்தாண்டம், தக்கலை, நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரிக்கு வரும் சாலை 47 என்ற எண்ணை விட்டு 66 ஆயிற்று. திருநெல்வேலியிலிருந்து காவல்கிணறு வழியாக வரும் சாலை 7 என்பது 44 ஆயிற்று. நம்மவர்கள் பேச்சில் இன்றும் "என்.எச். 47" என்றே சொல்வது வேறு செய்தி. உங்கள் திரையும் அப்படியே சொன்னால் அதன் தரவு மிகவும் பழையது. எண் 66 என்று இருந்து, மார்த்தாண்டத்திலும் நாகர்கோவில் பார்வதிபுரத்திலும் மேம்பாலங்கள் இல்லாவிட்டால், அது 2019-க்கு முந்திய கள ஆய்வைக் கொண்டது. அந்த இரு பாலங்களையும் 2019 மார்ச் 1 அன்று கன்னியாகுமரியில் நடந்த விழாவில் பிரதமர் முறைப்படி திறந்துவைத்தார்; வாகனங்கள் அதற்குச் சில மாதங்கள் முன்பே ஓடத் தொடங்கிவிட்டன. 2017-இல் தயாரான காரில் அவை இல்லாதது கருவியின் குற்றம் அன்று.

மேம்பாலத்தின் மேல் செல்லும்போது கருவி ஏன் இவ்வளவு உறுதியாகத் தவறு சொல்கிறது என்பதைச் சற்று விரிவாகவே விளக்க விரும்புகிறேன், ஏனெனில் இது புரிந்தால் புதுப்பித்தல் எதைச் சரிசெய்யும், எதைச் செய்யாது என்பதும் புரியும். ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களிலிருந்து வரும் சமிக்ஞையைக் கொண்டு கணக்கிடப்படும் இடம் எப்போதும் சில மீட்டர் பிழையோடுதான் கிடைக்கிறது. அந்தப் புள்ளியை அப்படியே காட்டினால் உங்கள் கார் அவ்வப்போது தென்னந்தோப்புக்குள்ளும் கடைக்குள்ளும் ஓடுவதுபோல் தெரியும். எனவே கருவி, தன் வரைபடத்தில் உள்ள சாலைகளில் அருகில் இருப்பதும் கார் செல்லும் திசைக்குப் பொருந்துவதுமான ஒன்றைத் தேர்ந்து, காரை இழுத்துக்கொண்டுபோய் அதன்மேல் வைக்கிறது. பம்மத்திலிருந்து குழித்துறைப் பக்கம் வரை ஏறக்குறைய இரண்டரைக் கிலோமீட்டர் நீளும் மேம்பாலம், பழைய நெடுஞ்சாலைக்கு நேர் மேலே செல்கிறது. வரைபடத்தில் மேல்சாலை இல்லாதபோது கருவிக்குக் கீழ்ச்சாலையைத் தவிர வேறு புகலிடம் இல்லை. உயரத்தை வைத்துக் கண்டுபிடிக்கலாமே என்று கேட்பீர்கள். செயற்கைக்கோள்கள் எல்லாம் தலைக்கு மேலேதான் இருக்கின்றன. பூமி மறைப்பதால் காலுக்குக் கீழே உள்ளவற்றிலிருந்து நமக்குச் சமிக்ஞை கிடைப்பதில்லை. ஆகவே உயரக் கணக்கில் வரும் பிழை, கிடைமட்டப் பிழையைவிட அதிகம். ஒரு மேம்பாலத்தின் உயரமும் அந்தப் பிழையும் கிட்டத்தட்ட ஒரே அளவில் இருப்பதால், உயரத்தை மட்டும் நம்பி முடிவெடுக்க இயலாது.

புதிய வரைபடம் போட்ட பிறகும் இந்த இடத்தில் சில நொடிகள் தடுமாற்றம் இருக்கக்கூடும். பாலத்தில் ஏறுகிற இடத்தில் மேல்சாலையும் கீழ்ச்சாலையும் பக்கத்துப் பக்கத்தில் ஓடுவதால், எதில் ஏறினீர்கள் என்பதைச் சக்கர வேகத்தையும் திருப்பத்தை உணரும் கருவியையும் கொண்டு ஊகித்தாக வேண்டும். ஆனால் பாலம் வரைபடத்தில் இருந்துவிட்டால், நெடுந்தூரப் பயணத்துக்கு அதன் வழியாகவே வழி கணக்கிடப்படும். சந்திப்பில் திரும்பச் சொல்கிற பேச்சுக்கே இடமிராது.

இனிப் பணம். புதிய பதிப்பு என்று விற்கப்படுவதில் அச்சிட்டிருக்கும் ஆண்டு, அது வெளியிடப்பட்ட ஆண்டே தவிர, சாலையை ஆய்வு செய்த ஆண்டு அன்று. களத்தில் சேகரித்து, சரிபார்த்து, காரின் கருவிக்கு ஏற்ற வடிவத்துக்கு மாற்றி, கார் நிறுவனம் சோதித்து வெளியிடுவதற்குள் பல மாதங்கள், சில வேளைகளில் ஓராண்டுக்கும் மேல் ஆகிவிடுகிறது. அதோடு, பழைய வகைக் கருவிகளுக்குச் சில ஆண்டுகளுக்குப் பிறகு புதிய வரைபடம் வெளியிடுவதையே நிறுவனங்கள் நிறுத்திவிடுவதுண்டு. அப்படி நின்றுபோன காருக்கும் "கடைசிப் பதிப்பு" என்று ஒன்று விலைக்குக் கிடைக்கும். அது உண்மையிலேயே கடைசிப் பதிப்புதான், ஆனால் பல ஆண்டுகளுக்கு முந்தைய கடைசி. ஆகவே சர்வீஸ் சென்டரில் "புதுசா இருக்கா?" என்று கேட்காதீர்கள். காரின் சேஸிஸ் எண்ணைக் கொடுத்து, அந்த எண்ணுக்குக் கிடைக்கும் வரைபடப் பதிப்பின் பெயர் என்ன, அது வெளியான மாதம் எது, மென்பொருளையும் சேர்த்து ஏற்றுவார்களா, ஏற்றும்போது கருவி பழுதானால் யார் பொறுப்பு என்று கேளுங்கள். முடிந்தால், அதே பதிப்பு போடப்பட்ட வேறொரு காரின் திரையில் மார்த்தாண்டத்தைப் பெரிதாக்கிக் காட்டச் சொல்லுங்கள். சில நிறுவனங்கள் முதல் விற்பனையிலிருந்து குறிப்பிட்ட ஆண்டுகள் வரை இலவசமாகவே புதுப்பித்துத் தருகின்றன. உங்கள் காருக்கு அந்தக் காலம் முடிந்திருக்கும் என்றாலும், முந்தைய உரிமையாளர் ஏற்கெனவே வாங்கிய உரிமம் பயன்படுத்தப்படாமல் இருக்கிறதா என்று கேட்டுவைப்பதில் தவறில்லை.

மைத்துனரின் கார்டை நகலெடுக்கும் யோசனையைக் கைவிடுங்கள். கோப்புகள் நகலாகும், கணினியில் பார்த்தால் எல்லாம் சரியாகவே இருக்கும். ஆனால் ஒவ்வொரு எஸ்.டி. கார்டுக்குள்ளும் தயாரிப்பின்போதே பதியப்பட்ட தனி அடையாள எண் ஒன்று உண்டு. வரைபடத்தின் உரிமம் பல கருவிகளில் அந்த எண்ணோடோ, காரின் கருவியோடோ, இரண்டோடும் சேர்த்தோ பிணைக்கப்பட்டிருக்கும். நகல் கார்டில் அந்த எண் வேறு என்பதால் கருவி ஏற்க மறுத்துவிடும். மைத்துனரின் அசல் கார்டையே செருகிப் பார்த்தாலும், அது முதலில் செருகப்பட்ட காரோடு பிணைந்துவிட்ட வகையாக இருந்தால் பயனில்லை. இவற்றை உடைத்துத் தருவதாகச் சொல்லிச் சிலர் கார்டு விற்கிறார்கள். சட்டத்துக்குப் புறம்பானது என்பது ஒருபுறம் இருக்க, அதில் உள்ள தரவு எந்த ஆண்டுடையது என்று உங்களால் அறியவும் முடியாது.

கார்டைப் பற்றி இன்னொரு எச்சரிக்கை. அதை எடுத்துச் செல்பேசியில் செருகிப் பார்க்காதீர்கள். காருக்கென்று வடிவமைக்கப்பட்ட கார்டைச் செல்பேசி புரிந்துகொள்ளாமல், "இந்தக் கார்டை ஃபார்மட் செய்யவா?" என்று கேட்கக்கூடும். என் உறவினர் ஒருவர் பழக்கதோஷத்தில் "சரி" என்று அழுத்தினார். அவருடைய வரைபடம் அந்த நொடியில் போயிற்று. கணினியில் பார்ப்பதென்றால், கார்டின் பக்கவாட்டில் உள்ள சிறிய பூட்டை இழுத்து எழுதுவதைத் தடுத்துவிட்டுப் பாருங்கள். காரின் உற்பத்தியாளரே தரும் புதுப்பிப்பு மென்பொருள் வழியாக எழுதும்போது மட்டும் அந்தப் பூட்டைத் திறக்க வேண்டும்.

பென் டிரைவ் வகையானால் வேலை இப்படி நடக்கும். உற்பத்தியாளரின் இணையதளத்தில் உங்கள் வகையையும் ஆண்டையும் தேர்ந்து கோப்பைப் பதிவிறக்கம் செய்கிறீர்கள். அது பல ஜி.பி. அளவு இருக்கும் என்பதால் இரவில் விட்டுவைப்பது நல்லது. பென் டிரைவை எந்த முறையில் ஃபார்மட் செய்ய வேண்டும் என்று அங்கேயே எழுதியிருப்பார்கள், அதை மீறாதீர்கள். பழைய கருவிகள் பலவும் ஃபேட்32 முறையை மட்டுமே படிக்கும். அந்த முறையில் ஒரு தனிக் கோப்பு 4 ஜி.பி.யைத் தாண்ட முடியாது; 64 ஜி.பி. பென் டிரைவை விண்டோஸ் பெரும்பாலும் வேறு முறையில் ஃபார்மட் செய்துவிடும். "டிரைவ் கண்டுபிடிக்கப்படவில்லை" என்று கார் சொல்வதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். கோப்புறையின் பெயரை மாற்றக்கூடாது, வேறொரு கோப்புறைக்குள் போட்டுவைக்கவும் கூடாது.

ஏற்றும்போது மின்சாரம் தடைபடாமல் இருப்பதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். கருவி தன் நினைவகத்தை அழித்து எழுதிக்கொண்டிருக்கும்போது நின்றுபோனால், திரை முழுவதுமே செயலற்றுப் போகலாம். அரை மணி நேரம் முதல் ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆகக்கூடிய வேலை என்பதால், எஞ்சினை அணைத்துவிட்டு பாட்டரியில் மட்டும் ஓட்டுவதைப் பெரும்பாலான கையேடுகள் பரிந்துரைப்பதில்லை. எஞ்சினை ஓடவிட்டால் திறந்த வெளியில் மட்டுமே செய்யுங்கள். நம் ஊர்களில் வீட்டோடு ஒட்டிய மூடிய ஷெட்டில் காரை நிறுத்துவது வழக்கம். அங்கே எஞ்சினை ஓடவிட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது கார்பன் மோனாக்சைடு நச்சால் உயிருக்கே ஆபத்து. சிக்னலில் தானாக எஞ்சினை நிறுத்தும் வசதி இருந்தால் அதை அணைத்து வையுங்கள். ஏ.சி., முகப்பு விளக்கு ஆகியவையும் வேண்டாம். இடையில் திரை ஒன்றிரண்டு முறை தானாக அணைந்து எரியும், பதறி எதையும் பிடுங்காதீர்கள். தொடங்கும் முன், சேமித்து வைத்த இடங்களைத் தனியே குறித்துக்கொள்வதும் நல்லது, சில கருவிகளில் அவை அழிந்துவிடும். அப்படியே முந்தைய உரிமையாளரின் வீட்டு முகவரி, செல்பேசி இணைப்புகள், இணையக் கணக்கு ஆகியவற்றையும் நீக்கிவிடுங்கள். பழைய கணக்கு இருக்கும்வரை வைஃபை வழிப் புதுப்பிப்புகள் அவர் பெயருக்கே செல்லக்கூடும்.

முடிந்ததும் கார் தவறான இடத்தில் நிற்பதாகக் காட்டினால் உடனே சர்வீஸ் சென்டருக்குத் திரும்பாதீர்கள். செயற்கைக்கோள்களின் முழுப் பட்டியலையும் ஒரு கருவி புதிதாகப் பெறுவதற்குப் பன்னிரண்டரை நிமிடம் ஆகும். குலசேகரம் பக்கத்து ரப்பர் தோட்டங்களின் நிழலில் இதைச் செய்வதைவிட, ஆரல்வாய்மொழியைத் தாண்டிக் காற்றாலைகள் நிற்கும் திறந்தவெளிச் சாலையில் சற்று நேரம் நேராக ஓட்டினால், இடமும் திசையும் விரைவில் ஒழுங்காகும்.

இவ்வளவு செய்தும் எந்தப் புதுப்பித்தலும் தீர்க்காத சிக்கல்கள் நம் மாவட்டத்துக்கென்றே சில உண்டு. இங்கே வீடுகள் ஓரிடத்தில் கூடிய தெருக்களாக இல்லாமல், அவரவர் விளைகளில், அதாவது தோட்டங்களில், பரவிக் கிடக்கின்றன. ஒரே விளைப் பெயர் பல ஊர்களில் உண்டு. "காட்டுவிளை" என்று தேடினால் எந்தக் காட்டுவிளை என்று கருவிக்கு எப்படித் தெரியும்? ஆங்கில எழுத்தில் மட்டுமே தேட முடிகிற கருவிகளில் இன்னும் கடினம். வெள்ளைக்காரர் எழுதிவைத்த உருவத்தை அப்படியே படித்தால் நாகர்கோவில் "நாகர்காயில்" ஆகும், குளச்சல் "கொலாச்சல்" ஆகும். உச்சரிப்பை நம்பித் தட்டினால் ஊர் கிடைக்காது. அதனால் பெரிய ஊரையோ பத்மநாபபுரம் அரண்மனை போன்ற அடையாளத்தையோ முதலில் பிடித்து, அங்கிருந்து திரையை நகர்த்தி இலக்கைத் தொடுவதே நான் கையாளும் வழி. அமைப்புகளில் "குறுகிய வழி" என்பதை விட்டு "விரைவான வழி" என்பதைத் தேர்ந்து வைப்பதும் அவசியம். குறுகிய வழியைக் கேட்டால் கருவி மீட்டரைத்தான் எண்ணும். உங்களைச் சானல் (பாசனக் கால்வாய்) கரையில் இறக்கிவிட்டு, எதிரே ஒரு ஆட்டோ வந்தால் யார் பின்வாங்குவது என்று பார்த்துக்கொண்டிருக்கும். கேரள எல்லையை ஒட்டிய காரோடு என்ற ஊரிலிருந்து வில்லுக்குறி வழியாகப் பல ஆண்டுகளாக நடந்துவரும் நான்கு வழிச் சாலைப் பணியால் ஏற்படும் மாற்றுப் பாதைகளையும் எந்த ஆண்டுப் பதிப்பிலும் எதிர்பார்க்க முடியாது; அவற்றுக்கு இணையத்தோடு இணைந்த செல்பேசி வரைபடமே ஏற்றது.

உங்கள் தேவை தக்கலையிலிருந்து திருவனந்தபுரம் செல்வதுதான் என்றால், நான் ஆறாயிரம் ரூபாய் கொடுக்கமாட்டேன். காரின் திரை செல்பேசியை ஏற்கும் வகையானால் கேபிளைச் செருகி அதையே பயன்படுத்துங்கள்; கூகுள் வரைபடத்தில் நம் மாவட்டத்தையும் எல்லைக்கு அப்பால் உள்ள திருவனந்தபுரத்தையும் சேர்த்தே ஆஃப்லைனில் இறக்கி வைத்துக்கொண்டால், சிக்னல் போனாலும் வழி போகாது. பேச்சிப்பாறை, கோதையாறு போன்ற மலைப் பகுதிகளுக்கு அடிக்கடி செல்பவராகவோ, வெளிமாநிலங்களுக்குக் காரிலேயே நீண்ட பயணம் செய்பவராகவோ இருந்தால் என் பதில் மாறும். காரின் கருவிக்கு அதற்கென்று தனி ஆன்டெனா இருக்கிறது; செல்பேசி சூடேறி அணைந்துபோகும் வெயிலிலும் அது தன் வேலையைச் செய்யும். அப்போதும், மேம்பாலம் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்த பிறகே பணம்.

தேதியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அது வரைபடத்தோடு தொடர்பில்லாத கோளாறு. செயற்கைக்கோள்கள் 1980 ஜனவரி 6 முதல் வாரங்களை எண்ணி அனுப்புகின்றன. பழைய வகைச் சமிக்ஞையில் அந்த எண்ணுக்குப் பத்து இருமக் கூறுகள் (பிட்டுகள்) மட்டுமே ஒதுக்கப்பட்டிருப்பதால், 1,024 வாரங்களுக்கு ஒருமுறை, அதாவது ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்கு ஒருமுறை, எண்ணிக்கை மீண்டும் பூச்சியத்துக்கு வந்துவிடும். 1999 ஆகஸ்டிலும் 2019 ஏப்ரலிலும் அப்படி நேர்ந்தது. சில கருவிகளில் தயாரிப்பாளர் வைத்த தொடக்கத் தேதியைப் பொறுத்து இந்தத் தடுமாற்றம் வேறு நாட்களிலும் வரும். அமெரிக்காவிலும் வேறு நாடுகளிலும் 2022 ஜனவரியில் பழைய ஹோண்டா கார்கள் பலவற்றின் கடிகாரம் 2002-க்குத் திரும்பியது செய்தியாக வந்தது. இடத்தைக் கணக்கிடுவதற்கு வாரத்துக்குள் கழிந்த நேரம் போதும் என்பதால், தேதி தவறினாலும் வழி தவறுவதில்லை. உங்கள் காரில் இதைச் சரிசெய்ய வேண்டுமானால் கருவியின் மென்பொருளைப் புதுப்பிக்க வேண்டும். அப்படி ஒன்று உங்கள் சேஸிஸ் எண்ணுக்கு வெளியாகியிருக்கிறதா என்பதை வரைபடத்தைப் பற்றி விசாரிக்கும் அதே நாளில் கேட்டுவிடுங்கள். வெளியாகவில்லை என்றால், அமைப்புகளில் "தானியங்கி நேரம்" என்பதை அணைத்துவிட்டுக் கையால் தேதி வைக்க முடிகிறதா என்று பாருங்கள். சில கருவிகள் அதற்கு இடம் கொடுக்கும்.